கோச்சி ஏறிக் கண்டம் தாண்ட: முதல்முறை கிளம்பும் இலங்கை மலையகத்தாருக்கு

கண்டம் விட்டுக் கண்டம் போவதற்கு ஒரே ரயில் டிக்கெட் என்று ஒன்று அநேகமாக எந்தக் கவுண்டரிலும் கிடைக்காது. மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டோக் போகிற மாதிரி ஒன்றிரண்டை விட்டுவிட்டால், மற்றதெல்லாம் பத்துப் பன்னிரண்டு டிக்கெட்டுகளை நாமே கோர்த்துக்கொள்கிற வேலைதான். புதிதாகக் கிளம்புகிறவர்கள் எந்த வகுப்பு, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று ரயிலைப் பற்றியே விசாரிப்பார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் ரயில் தன்பாட்டுக்குப் போய்விடும். சிக்கல் வருவது இறங்கி அடுத்ததில் ஏறுகிற இடங்களில்: எல்லைச் சாவடி, துறைமுகம், தண்டவாள அகலம் மாறுகிற ஸ்டேஷன், நடுச்சாமத்தில் போய் இறங்குகிற ஊர். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இணைப்புகளுக்குத்தான் அதிக இடம்.

விமானம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஹட்டனில் ஏறும்போது போட்டிருந்த ஸ்வெட்டரை நாவலப்பிட்டி தாண்டியதும் கழற்றுவோம், கம்பளையில் ஜன்னலைத் திறப்போம், ரம்புக்கனை வரும்போது வேர்த்துக் கொட்டும். தேயிலை போய் ரப்பர் வரும், ரப்பர் போய் வயலும் தென்னையும் வரும். இதையே பத்து நாளுக்கு இழுத்து, இடையில் நாலு பாஷையும் மூன்று நாட்டுக் காசும் மாறினால் எப்படியிருக்கும்? அந்த ருசிக்காகத்தான் போகிறோம். அது பிடிக்காதவர்கள் விமானத்திலேயே போகலாம். ரயில் பல இடங்களில் மலிவும் இல்லை.

முதலில் நம் பாதையிலேயே ஒரு ஒத்திகை

மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பதுளையிலிருந்து கொழும்பு கோட்டை வரை முழுப் பாதையையும் ஒரே மூச்சில் போனவர்கள் குறைவு. நமக்கு ஹட்டனில் ஏறுவோம், தலவாக்கலையில் ஏறுவோம், வேலை முடிந்தால் திரும்புவோம். ஆகவே முதல் படி இது: பகல் கோச்சியில் (ரயிலில்) பதுளையில் ஏறி, கோட்டையில் இறங்குங்கள். சுமார் 290 கிலோமீட்டர். பத்து மணி நேரம் பிடிக்கும், சில நாள் அதற்கு மேலும் ஆகும்.

இந்தப் பாதை போடப்பட்டதே முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் கீழே இறக்கத்தான். கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல். தெமோதரை வளையத்தில் பாதை மலையைச் சுற்றி வந்து தன் தலைக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. பட்டிபொலவில் 1,898 மீட்டர் உயரம் தொடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பார்க்க வருகிற பாதை நம் வாசலில் இருக்கிறது, நாம் அதில் தூங்கிக்கொண்டு போகிறோம்.

பகல் பயணம் முடிந்ததா? அப்புறம் ஒரு தரம் இரவுத் தபால் கோச்சியில் இரண்டாம் வகுப்பில் போய்ப் பாருங்கள். உட்கார்ந்தபடி தூங்க முடிகிறதா, எவ்வளவு தண்ணீர் தேவைப்படுகிறது, பையைத் தூக்கிக்கொண்டு கோட்டை ஸ்டேஷனின் மேம்பாலப் படி ஏற முடிகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். படியில் மூச்சு வாங்கினால் பையில் பாதியை வீட்டில் வைத்துவிடுங்கள். பாங்கொக்கிலும் அதே படிதான், வெயில் மட்டும் கூட.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவில் சேதமானது. கிளம்புகிற வாரத்தில் எந்தப் பகுதி ஓடுகிறது என்று பக்கத்து ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம்.

காகிதங்கள்: பெயரில் ஆரம்பியுங்கள்

பாஸ்போர்ட் எடுக்கப் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை, கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு வருகிற சிக்கல் வேறு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பள்ளிக்கூடப் பதிவில் மூன்றாவது. தோட்டத்தில் பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதியது, தலைமுறையாகத் தொடர்கிறது. ஊருக்குள் இது யாரையும் உறுத்தாது. ஆனால் எல்லைச் சாவடியில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவைப்பார்கள். முதலில் பெயரைத் திருத்துங்கள், அதற்குப் பிறகு பாஸ்போர்ட், அதற்கும் பிறகுதான் டிக்கெட். எல்லா டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, முதலெழுத்தாகச் சுருக்காமல், முழுப்பெயர் போடுங்கள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்கட்டும். கடைசியாகப் போகிற நாட்டில் நுழைகிற தேதியிலிருந்து அந்த ஆறு மாதத்தை எண்ண வேண்டும். வீசாக்களை ஒரு தாளில் பாதை வரிசைப்படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: எத்தனை நாள் செல்லும், எத்தனை தடவை நுழையலாம், எந்த வழியாக நுழையலாம். இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். இந்தியாவின் இ-வீசா, உதாரணத்துக்கு, குறிப்பிட்ட நுழைவிடங்களில் மட்டும்தான் செல்லும். நீங்கள் போய் இறங்குகிற இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்திய வீசா படிவத்தில் அப்பா அம்மா பிறந்த ஊரையும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பிறந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஊர்ப் பெயரை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

முதல் இணைப்பு: கடல்

தீவுக்காரர்களுக்கு முதல் இணைப்பே கடல்தான். ஒரு காலத்தில் அதற்கும் ஒரே டிக்கெட் இருந்தது. 1914இலிருந்து போட் மெயில் என்று, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றுபோனது. நம் வீடுகளில் பலருக்கு இந்தப் பாதை சுற்றுலாப் பாதையாக இருந்ததே இல்லை. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹட்டனிலும் பதுளையிலும் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். இப்போது அதே கடலை விரும்பிக் கடக்கப் போகிறோம் என்பதை வீட்டில் இருக்கிற பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் கதையைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இன்று உள்ள வழி காங்கேசன்துறை - நாகப்பட்டினம் பயணிகள் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. காங்கேசன்துறை நம் வடக்குப் பாதையின் கடைசி ஸ்டேஷன். ஆகவே மலையகத்திலிருந்து இறங்கி, பொல்கஹவெலையில் மாறி, வடக்கே போகிற ரயிலைப் பிடித்தால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். பொல்கஹவெலையில் எல்லா விரைவு ரயிலும் நிற்காது என்பதால், கோட்டைக்கே போய் ஏறுவது இடம் பிடிக்கச் சுலபம். அக்கரையில் நாகப்பட்டினத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது.

இங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது, வாடைக் காற்றுக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். கப்பலுக்கு முதல் நாளே யாழ்ப்பாணம் போய்த் தங்குங்கள். இறங்குகிற நாளில் இந்திய ரயில் எதையும் பதிவு செய்யாதீர்கள், குடிவரவு வரிசை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதெல்லாம் ஒத்துவராது என்றால் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறிவிடுங்கள். ரயில் பயணத்துக்கு நடுவே ஒரு விமானம் ஏறினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தியா: கண்டத்தின் அளவைப் பழகிக்கொள்ள

முதல் நீண்ட பயணத்துக்கு இந்தியாவை விட நல்ல இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். பாஷை பாதி தூரம் கைகொடுக்கும், சாப்பாடு பழகினது, ரயில் மலிவு.

பதிவு முறையை மட்டும் படித்துக்கொண்டு போக வேண்டும். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும் (முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் குறைத்தார்கள்). டிக்கெட்டில் மூன்று நிலை உண்டு. உறுதியானது என்றால் படுக்கை உங்களுடையது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், ஆனால் ஓரத்துப் படுக்கை ஒன்றை இன்னொருவரோடு பங்கிட்டு உட்கார வேண்டி வரலாம். காத்திருப்புப் பட்டியலில் நின்றுவிட்டால் படுக்கைப் பெட்டியில் ஏறவே கூடாது. இடம் கிடைக்கவில்லை என்றால் பயணத்துக்கு முதல் நாள் தத்கால் என்ற அவசரப் பதிவு திறக்கும், ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. சென்னை சென்ட்ரல் மாதிரி பெரிய ஸ்டேஷன்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கவுண்டர் உண்டு. பாஸ்போர்ட்டோடு நேரில் போவது புதியவர்களுக்கு நல்லது. நம் முகத்தையும் தமிழையும் பார்த்துவிட்டு உள்ளூர் வரிசைக்கு அனுப்பப் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டை முதலிலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றடுக்கு ஏசி போதும். நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரித்துப் போடலாம், மற்ற நேரம் எல்லாரும் கீழே உட்கார வேண்டும். பகலில் நிம்மதியாகப் படுக்க வேண்டுமானால் மேல்படுக்கை, ஜன்னல் வேண்டுமானால் ஓரத்துக் கீழ்ப்படுக்கை.

போக இரண்டு பாதை சொல்கிறேன். முதலாவது சின்னது. சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஏழு மணிக்குப் பிறகு கிளம்புகிற மலை ரயில், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறுகிறது, 46 கிலோமீட்டர். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை. ஒரு ரயிலுக்கு இன்னொரு ரயில் காத்திருக்கிற மாதிரி நேரம் ஒத்து அமைந்த இணைப்பு எப்படியிருக்கும் என்று பார்க்க இது நல்ல பாடம். மேலே கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனால் நம் பேச்சே காதில் விழும். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது அங்கேதான். தங்குவதற்குச் சொந்தக்காரர்கள் வீடு ஒன்று எப்படியும் தேறும்.

இரண்டாவது பெரியது. கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமின் திப்ருகர் வரை ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸ், இந்தியாவிலேயே நீண்ட ரயில். சுமார் 4,190 கிலோமீட்டர், மூன்று இரவு போய் நான்காம் நாளும் முடியும். கோயம்புத்தூரிலும் ஏறலாம். தேநீர் விற்கிறவர் குரல் தெலுங்காகி, ஒடியாவாகி, வங்காளமாகி, கடைசியில் அஸ்ஸாமியாக மாறும். இறங்கினால் மறுபடி தேயிலை. ஆனால் நம் கண்ணுக்கு விநோதமான தேயிலை: மலையே இல்லை, பிரம்மபுத்திராச் சமவெளியில் மேசை மாதிரி தட்டையாக, நிழல் மரங்களுக்குக் கீழே பரந்து கிடக்கும். அங்கே கொழுந்து பறிக்கிறவர்களின் முன்னோரையும் வெள்ளைக்காரன் வேறு மாநிலங்களிலிருந்துதான் கூட்டி வந்தான். அங்கேயும் லைன் வீடு உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய ஊர் இது.

கிழக்கே: பாங்கொக்கிலிருந்து

இந்தியாவிலிருந்து மியன்மாருக்குப் பயணிகள் ரயில் கிடையாது. கொல்கத்தாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பாங்கொக்குக்கு விமானத்தில் போய்விட்டு, அங்கிருந்து தண்டவாளத்தைப் பிடியுங்கள்.

பாங்கொக்கில் எந்த ஸ்டேஷன் என்பதை டிக்கெட்டில் பார்க்க வேண்டும். தூர ரயில்கள் 2023இலிருந்து குருங் தேப் அபிவத் என்ற புதிய ஸ்டேஷனிலிருந்து போகின்றன. பழைய ஹுவா லம்போங்கிலிருந்தும் சில ரயில்கள் கிளம்பும். காஞ்சனபுரிக்குப் போவது ஆற்றுக்கு மறுகரையில் உள்ள தோன்புரியிலிருந்து. அந்தக் காஞ்சனபுரிப் பாதைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள் என்பேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா மரண ரயில்பாதையில் மிஞ்சியிருக்கிற பகுதி அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கே வேலை செய்து செத்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் இல்லை.

தெற்கே போவது எளிது. பாங்கொக்கிலிருந்து பாடாங் பெசாருக்கு ஓர் இரவு ரயில். தாய்லாந்து, மலேசியா இரண்டின் குடிவரவும் அந்த ஒரே ஸ்டேஷன் கட்டடத்தில் முடிந்துவிடும், பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே போதும். பிறகு மலேசியாவின் மின்சார ரயிலில் ஈப்போ வழியாகக் கோலாலம்பூர். இங்கே ஆட்கள் தடுக்கி விழுகிற கல் ஒன்று உண்டு: மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்தை விட ஒரு மணி நேரம் முன்னே. கையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று ஆறுதலாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் இருப்பது அரை மணி.

வடக்கே போனால் சீனா. பாங்கொக்கிலிருந்து லாவோஸின் வியஞ்சானுக்கு நேரடி இரவு ரயில் 2024இல் வந்தது. வியஞ்சானில் தாய்லாந்து ரயில் நிற்கிற ஸ்டேஷனும் சீன ரயில் கிளம்புகிற ஸ்டேஷனும் வேறு வேறு. முதலாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, மற்றது 1,435 மில்லிமீட்டர். இடையே வாகனம் பிடித்துப் போக வேண்டும். அங்கிருந்து சீனாவின் குன்மிங் 1,035 கிலோமீட்டர். எல்லையில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறுகிற நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் போய்விடலாம். நாம் பதுளையிலிருந்து கொழும்புக்கு வருகிற அதே நேரம்!

சைபீரியா, ஐரோப்பா, கனடா

மாஸ்கோ - விளாடிவோஸ்டோக், 9,289 கிலோமீட்டர், ஏழு நாள். ரயில் பைத்தியம் பிடித்த எல்லாருக்கும் இதுதான் கடைசிக் கனவு. கனவாகவே கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். யுத்தம் நடக்கிறது, ரஷ்யாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போன ரயில்கள் நின்றுவிட்டன, நம் வங்கிகள் தருகிற வீசா, மாஸ்டர் அட்டைகள் 2022இலிருந்து அங்கே வேலை செய்யாது. இலங்கை இளைஞர்களை வேலை என்று ஏமாற்றி ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிய கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். டிக்கெட்டும் வேலையும் சேர்த்துத் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கண்டம் தாண்டியே ஆக வேண்டும் என்றால் இஸ்தான்புல் போங்கள். 2013இல் திறந்த மர்மராய் ரயில் கடலுக்கு அடியில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சில நிமிடத்தில் போய்விடும், நகர ரயில் கட்டணம்தான். அங்கிருந்து பல்கேரியாவின் சோபியாவுக்கு இரவு ரயில் உண்டு. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லுகிற ஷெங்கன் வீசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள். டொரொண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் வன்கூவர் வரை 4,466 கிலோமீட்டர் ஓடுகிற கனேடியன் ரயில் இருக்கிறது. நான்கு இரவு. சரக்கு ரயிலுக்கு வழிவிட்டுத் தாமதமாகப் போவது அதன் குணம், கட்டணமும் கனம்.

நாள் கணக்குப் போடும் முறை

கிலோமீட்டரை விடுங்கள், இரவுகளை எண்ணுங்கள். இரண்டு இரவு ரயிலில் படுத்தால் மூன்றாவது இரவு அசையாத கட்டிலில் படுங்கள், குளிக்கவும் துணி துவைக்கவும் அது வேண்டும். எல்லை தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாள் சும்மா விடுங்கள். புது ஊருக்குப் பகலில் போய்ச் சேருகிற ரயிலாகப் பாருங்கள், கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை. தனியாகப் போகிற பெண்களுக்கு இதை இரண்டு தரம் சொல்வேன். இந்தியாவில் ரயிலுக்குள் யாராவது தொந்தரவு கொடுத்தால் 139 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

பையில் துணியை விட முக்கியம்: படுக்கைக் காலில் பையைப் பூட்டச் சங்கிலி, ரப்பர் செருப்பு, ஒரு போர்வை (ஏசி பெட்டியில் நானுஓயாக் குளிர்), மருந்துச் சீட்டு, எல்லா டிக்கெட்டுக்கும் காகிதப் பிரதி. பாஸ்போர்ட்டும் அமெரிக்க டாலர் கொஞ்சமும் உடம்போடு இருக்கட்டும், தூங்கும்போதும். சீனாவிலும் ரஷ்யாவிலும் தூர ரயில்களில் கொதிநீர் இலவசமாகக் கிடைக்கும், ஒரு மூடி போட்ட இரும்புக் கோப்பையும் நம் தேயிலைத் தூளும் இருந்தால் போதும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் முதல் எல்லைக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மாசி போட்ட சம்பலைச் சுங்க அதிகாரிக்கு விளக்குவது லேசான காரியம் இல்லை.